விளையாட்டு வகுப்பிலிருந்து நிரந்தர விலக்கு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: புளிவீட்டுக்காரி (போச்சம்பள்ளி)

போச்சம்பள்ளிக்கும் மத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். மகளுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. நான்கு வயதிலிருந்து இழுப்பு இருக்கிறது. மருத்துவர் சீட்டில் ஆஸ்துமா என்று எழுதியிருக்கிறது. மாமியார் முன்னால் அந்தச் சொல்லை நான் சொல்வதில்லை. பெண் பிள்ளை, நாளைக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் காதில் விழுந்துவிடும் என்பார். பதினொரு வயதுக்கு இது என்ன கவலை என்று கேட்காதீர்கள். அவரிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன்.

மாசியில் பள்ளி விளையாட்டு விழா. போன வாரம் பெற்றோருக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "என் மகளுக்கு மூச்சு சம்பந்தமான நோய் இருப்பதால் விளையாட்டு வகுப்பிலிருந்தும் போட்டிகளிலிருந்தும் நிரந்தர விலக்கு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு. மருத்துவர் சான்றும் இணைக்க வேண்டுமாம். விளையாட்டு ஆசிரியர் கெட்டவர் இல்லை. கார்த்திகையில் ஒரு நாள் மைதானத்தில் இவளுக்கு மூச்சுத் திணறி, அவரே தன் வண்டியில் வைத்து மத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அன்று அவர் முகத்தைப் பார்த்தவள் நான். அவருக்கு வந்த பயம் நியாயமான பயம்தான்.

ஆனால் அந்தத் தாளை மகள் என்னிடம் கொடுக்கவே இல்லை. ஆசிரியர் தொலைபேசியில் கேட்ட பிறகு பையைக் கொட்டித் தேடினேன். சமூக அறிவியல் புத்தகத்துக்குப் போட்டிருந்த பழுப்பு அட்டைக்குள், புத்தகத்துக்கும் அட்டைக்கும் இடையில் செருகி வைத்திருந்தாள்.

இப்போதே அவள் என்ன செய்கிறாள் என்று கணக்குப் பார்த்தேன். காலை வழிபாட்டில் பனி என்று தாழ்வாரத்தில் தனியாக நிற்பாள். விளையாட்டு வகுப்பில் மற்ற பிள்ளைகளின் கைக்கடிகாரம், கொலுசு, தலை ரிப்பன் எல்லாவற்றுக்கும் காவல். "அம்மா, யார் கொலுசில் எத்தனை முத்து என்றுகூட எனக்குத் தெரியும்" என்றாள் ஒரு நாள், பெருமையாகத்தான் சொன்னாள். பெரியப்பா பிள்ளைகள் கிணற்றுக்குப் போனால் இவள் போகக்கூடாது. எருது விடும் விழாவுக்குக் கூடாது, புழுதி. இராயக்கோட்டையில் நாத்தனார் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள், சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவுவார்கள் என்று அங்கே இரவு தங்கக் கூடாது. வாழைப்பழம், கொய்யா, தயிர் எதுவும் கூடாது. பலூன் ஊதக் கூடாது. இதில் எது மருத்துவர் சொன்னது, எது நாங்களாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் பிழைப்பு புளி. தை பிறந்தால் பங்குனி வரை திண்ணையில் ஆறேழு பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். தூசி பறக்கும். மாமரங்களும் பூத்துவிட்டன, கொழுந்தனார் தத்துப்பூச்சிக்கு மருந்து அடிக்கிறார். எதை நிறுத்துவது?

போன வாரம் நடு இரவில் நான் எழுந்தபோது, மகள் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமுவதைப் பார்த்துவிட்டேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "இருமினால் நாளைக்கு விட மாட்டாயே" என்றாள்.

மருந்து: மூச்சு வாங்கும்போது இழுக்க ஒரு இன்ஹேலர் இருக்கிறது. ஐப்பசியில் இன்னொன்று கொடுத்து, தினமும் இரண்டு வேளை என்றார்கள். இருபது நாள் இழுத்தாள், இருமல் நின்றது, நாங்களும் நிறுத்திவிட்டோம். அது ஸ்டீராய்டு, பிள்ளை வளராது என்று மருந்துக் கடையிலேயே ஒருவர் சொன்னார்.

கையெழுத்துப் போட்டுவிட்டால் எனக்கும் ஆசிரியருக்கும் நிம்மதி. போடவா, வேண்டாமா?

பதில்: சூளகிரிக்காரன்

யோசிக்காமல் போடுங்கள் அக்கா. விளையாட்டா சோறு போடப்போகிறது? என் தங்கை மகனுக்கும் இதே தொல்லை. மிருகசீரிஷ கார்த்தி அன்று ஹைதராபாத்துக்கு அழைத்துப் போய் விரால் குஞ்சோடு கொடுக்கும் மீன் மருந்தை மூன்று வருடம் தொடர்ந்து விழுங்க வைத்தோம். எங்கள் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து வேன் பிடித்துப் போவார்கள். இப்போது பையன் நன்றாக இருக்கிறான். ஜூன் வரை பொறுத்து, ஒருமுறை போய் வாருங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற விசில் (பாலக்கோடு)

அம்மா, அந்த மாதிரித் தாள்களை 31 வருடம் கேட்டு வாங்கி அடுக்கிவைத்த ஆள் நான். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் முதலில் உங்கள் ஆசிரியரின் பக்கம் இருந்து சொல்கிறேன். நாற்பது, ஐம்பது பிள்ளைகள் ஓடும் மைதானத்தில் ஒரு பிள்ளை உதடு வெளுத்து நின்றால் வயிறு கலங்கும். அந்தத் தாள் பிள்ளையைக் காப்பாற்றாது. எங்களைக் காப்பாற்றும்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். இரண்டு வருடம் அவனை ஓட விடவில்லை. சும்மா உட்கார வைத்தால் பாவம் என்று வேலை கொடுத்தேன். என்ன வேலை தெரியுமா? விளையாட்டுச் சாமான் அறையைத் தூசி தட்டிக் கூட்டுவது. தடம் போடச் சுண்ணாம்புத் தூளை வாளியில் எடுத்துவந்து கோடு இழுப்பது. ஐப்பசி மழைக்குப் பிறகு மைதான ஓரத்தில் பார்த்தீனியச் செடி இடுப்பளவு வளரும், தாமதமாக வருகிறவர்களோடு சேர்த்து அவனையும் பிடுங்க விடுவேன். ஓடுகிறவர்களைவிட உட்கார்ந்திருக்கிற இவன் அதிகம் இருமுகிறானே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. மூச்சுக்குழாய் எதற்கெல்லாம் சுருங்குமோ அதையெல்லாம் அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு நன்மை செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் கொலுசுக்குக் காவல் இருப்பது எந்த இடத்தில் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பிறகு ஒரு மாணவியின் தந்தை, அவர் ஒரு மருத்துவர், என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். அன்றிலிருந்து நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடும்போது வாயால் மூச்சு விடுகிறோம். குளிர்ந்த, வறண்ட காற்று மூக்கில் சூடாகாமல் நேரே உள்ளே போகிறது. மூச்சுக்குழாயின் ஈரம் காய்ந்து, அதைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நம் பக்கத்து மார்கழி, தை காலைப் பனிக்கு இது போதும். அதனால் இந்தப் பிள்ளைகளை எடுத்த எடுப்பில் ஓடவிடக் கூடாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நடை, மெல்லோட்டம், இடையிடையே சின்னச் சின்ன விரைவோட்டம், அதன் பிறகே ஆட்டம். குளிரில் மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு துணி கட்டலாம். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், ஆட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே இன்ஹேலரை இழுக்க வேண்டும். மைதானத்துக்கு வந்த பிறகு நினைவு வந்து பிரயோசனமில்லை.

இன்னொன்று. மூச்சு வாங்குவது பல நேரம் ஓடி முடித்து ஐந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். நாங்கள் விசில் ஊதிவிட்டு அறைக்குப் போயிருப்போம், பிள்ளை குழாயடியில் தனியாக நின்று திணறிக்கொண்டிருக்கும். கார்த்திகையில் உங்கள் மகளுக்கு வந்தது ஓடும்போதா, நின்ற பிறகா? அவளிடமே கேளுங்கள்.

எந்த ஆட்டம் என்பதும் முக்கியம். 800 மீட்டர், 1500 மீட்டர் மாதிரி நிற்காமல் ஓடுவது அவளுக்குக் கடினம். கபடியில் ஒரே மூச்சில் பாடிக்கொண்டு போக வேண்டும், அதைத் தள்ளிவைக்கலாம். கோ-கோ இவளுக்கென்றே செய்தது போல இருக்கும். துரத்தும் பக்கம் எட்டுப் பேர் வரிசையாக, ஒருவர் விட்டு ஒருவர் எதிர்த்திசை பார்த்துக் குந்தியிருப்பார்கள், ஒருவர்தான் ஓடுவார். முதுகில் தட்டி "கோ" சொன்னால் எழுந்து பத்து விநாடி பாய்ச்சல், அடுத்தவரை எழுப்பிவிட்டு மறுபடி குந்தல். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் ஓய்வு. சிறிய உடம்பு, சட்டென்று திரும்பும் கால், எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று பார்க்கும் கண், இவை இருந்தால் போதும். கொலுசு முத்தை எண்ணும் கண் எதையும் தவறவிடாது.

பவுலா ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயப் பெண் 2003இல் லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் ஓடினார். 2019 வரை பெண்களில் யாரும் அதை முறியடிக்கவில்லை. அவருக்குப் பள்ளி நாளிலிருந்தே ஆஸ்துமா. உங்கள் மகள் மாரத்தான் ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்ல உங்களுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்றுதான் எழுதினேன்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெறும் கையோடும் போகாதீர்கள், ஆசிரியர் கையில் ஏதாவது தாள் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இப்படி எழுதிக் கொடுங்கள்:

"என் மகளுக்கு ஆஸ்துமா உள்ளது. அவள் விளையாட எனக்குச் சம்மதம். தொடங்கும் முன் உடலைச் சூடாக்க நேரம் கொடுங்கள். அவளே நிறுத்துகிறேன் என்றால் காரணம் கேட்காமல் நிறுத்த விடுங்கள். ஆட்டம் முடிந்து கால் மணி நேரம் உங்கள் கண்ணில் படும்படி இருக்கட்டும். இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்கும். மூச்சு வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதிய தாள் இணைப்பில் உள்ளது. எங்கள் தொலைபேசி எண் கீழே."

நடுவில் இருக்கும் "காரணம் கேட்காமல்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். காரணம் கேட்போம் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிறுத்த மாட்டார்கள்.

புளிவீட்டுக்காரி

ஐயா, கேட்டேன். நின்ற பிறகுதானாம். 800 மீட்டர் ஓடி, கடைசியாக வந்து, தண்ணீர்க் குழாய் வரிசையில் நிற்கும்போது வந்ததாம். இன்ஹேலர் எங்கே இருந்தது என்றும் கேட்டேன். மருந்து மாத்திரை எதுவும் பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது என்று தலைமையாசிரியர் அறை அலமாரியில் வைத்திருந்தார்களாம். அன்று அவர் கூட்டத்துக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. இத்தனை நாள் நானும் இதைக் கேட்கவில்லை. மூச்சுத் திணறிய பிள்ளையைப் பார்த்ததும் ஏன் ஓடினாய் என்றுதான் கேட்டேன்.

பதில்: ஊத்தங்கரை செவிலியர்

அந்த அலமாரிச் சாவி எங்கள் பக்கத்திலும் உண்டு. விசில் ஐயா சொன்ன கடிதம் சரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது சகோதரி. நீங்கள் நிறுத்திவிட்ட அந்த இன்ஹேலர்.

மூச்சு வாங்கும்போது இழுப்பது சால்பூட்டமால். இறுகிய தசையை ஐந்து நிமிடத்தில் தளர்த்தும், நான்கைந்து மணி நேரம் தாங்கும், அத்தோடு சரி. உள்ளே குழாயின் சுவர் வீங்கிக் கிடப்பதை அது தொடாது. ஐப்பசியில் கொடுத்தது பெரும்பாலும் அந்த வீக்கத்தைக் குறைக்கிற மருந்தாக இருக்கும். அதை இழுத்த அன்றே எதுவும் தெரியாது. நாள் கணக்கில் இழுத்தால்தான் வேலை செய்யும், நிறுத்தினால் சில வாரத்தில் வீக்கம் திரும்பும். இருபது நாளில் இருமல் நின்றது, நீங்கள் நிறுத்தினீர்கள், கார்த்திகையில் மைதானத்தில் திணறினாள். கணக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். டப்பாவின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலே உள்ள பெயரைப் படியுங்கள். புடசோனைடு, ஃபுளூட்டிகசோன் இப்படி ஏதாவது இருக்கும்.

வளர்ச்சி பற்றி: மருந்துக் கடைக்காரர் சொன்னதில் ஒரு சிட்டிகை உண்மை இருக்கிறது. பல வருடம் தொடர்ந்து இழுத்த பிள்ளைகளுக்கு முழு வளர்ச்சியில் 1 செ.மீ. அளவு உயரம் குறையலாம். கொய்யாவும் தயிரும் இல்லாமல், இரவில் தூங்காமல் இருமுகிற பிள்ளை எவ்வளவு வளரும் என்று அவரிடம் திருப்பிக் கேளுங்கள். அளவையும் பாருங்கள். ஒரு இழுப்பில் 100 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஆஸ்துமாவுக்கு அடிக்கடி கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம். எடைக் கணக்கில் மட்டும் பார்த்தால் ஐம்பது இழுப்பு ஒரு மாத்திரை. இன்ஹேலருக்குப் பயந்து கடைசியில் மாத்திரையும் ஊசியும் போட்டுக்கொள்கிற வீடுகளை வாரம் ஒன்றாவது பார்க்கிறேன்.

எப்படி இழுக்கிறாள்? வாயில் வைத்து நேராக அடித்தால் பாதிக்கு மேல் மருந்து வாயிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் என்று ஒரு பிளாஸ்டிக் குடுவை இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். குலுக்கி, குடுவையில் செருகி, ஒரு அழுத்து, ஐந்தாறு முறை மெதுவாக மூச்சு. அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் பொறுங்கள், மறுபடி குலுக்குங்கள். ஸ்டீராய்டு இழுத்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். குடுவையைச் சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும்.

மருத்துவரிடம் போகும்போது அவர் "எப்படி இருக்கிறாள்" என்று கேட்பார். நீங்கள் "இப்போது தொந்தரவு இல்லை" என்பீர்கள். ஓடாத பிள்ளைக்கு எங்கிருந்து தொந்தரவு வரும்? அவளை உட்கார வைத்து நோயை மறைத்து வைத்திருக்கிறோம். போன நான்கு வாரத்தில் பகலில் வாரத்துக்கு எத்தனை முறை வந்தது, இரவில் எழுந்தாளா, சால்பூட்டமால் எத்தனை முறை தேவைப்பட்டது, எதையாவது செய்ய முடியாமல் போனதா, இந்த நான்கையும் சொல்லுங்கள். நான்காவதை யாரும் சொல்வதே இல்லை. விளையாட முடியவில்லை என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று அர்த்தம், மருந்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். தலையணைக் கதையையும் சொல்லுங்கள்.

புளியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். என் அம்மாவும் கொட்டை எடுத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். திண்ணையிலிருந்து களத்துக்கோ வீட்டுக்குப் பின்புறமோ மாற்றுங்கள். அவள் தூங்கும் அறையில் மூட்டை வேண்டாம். மாலையில் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். புளி ஓட்டை வெந்நீர் அடுப்பில் எரிக்கிறீர்களா? அதை நிறுத்துங்கள். பூச்சி மருந்து அடிக்கும் நாளைக் கொழுந்தனார் முதல் நாளே சொல்லட்டும், அன்று அவள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

சூளகிரித் தம்பிக்கு: வளர வளரப் பல பிள்ளைகளுக்கு இழுப்பு தானாகவே குறைந்துவிடும், அந்தப் பெருமையை மீன் வாங்கிக்கொள்கிறது. அந்த மருந்து வேலை செய்கிறது என்பதற்குச் சான்று கிடையாது. போவது உங்கள் விருப்பம். ஆனால் இன்ஹேலரை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சால்பூட்டமாலைக் கொடுத்துக்கொண்டே 108ஐ அழையுங்கள். இருமல் சத்தம் திடீரென்று அடங்கிப் பிள்ளை சோர்ந்துவிட்டால் அது குணமானதன் அறிகுறி இல்லை.

பதில்: தளிப்பக்கத்துப் பையன் (ஓசூர்)

அக்கா, நான் பிள்ளையின் இடத்திலிருந்து எழுதுகிறேன். இப்போது 26 வயது, ஓசூரில் தொழிற்சாலை வேலை. எனக்கு ஏழு வயது முதல் பதினைந்து வரை இருந்தது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குளிர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்று சிரிப்பு. வாய்விட்டுச் சிரித்தால் எனக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், இருமல் வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் யாராவது நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். நான் கர்வம் பிடித்தவன் என்று ஒரு வருடம் வகுப்பில் பேச்சு இருந்தது. அழுதாலும் இதேதான், ஆனால் பையன்கள் அழுவதைத் தடுக்கத் தனியாக யாரும் தேவையில்லை.

தலையணை எனக்கும் தெரியும். நான் போர்வையைப் பயன்படுத்தினேன். ஓட முடிந்த நாளில்கூட முடியவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன், கணக்குத் தேர்வு அன்று. முடியாத நாளில் முடியும் என்று சொல்லியிருக்கிறேன், கிரிக்கெட் அன்று. இரண்டு பொய்யையும் என் அம்மா கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் இருமலைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிடும், பிறகு கேள்வியே கிடையாது, தீர்ப்புதான்.

என்னை வெளியே கொண்டுவந்தவர் சித்தப்பா. கிணற்றில் முதுகில் காய்ந்த சுரைக்குடுவையைக் கட்டி நீச்சல் பழக்கினார். தண்ணீர் மட்டத்தில் காற்று ஈரமாக இருக்கும், ஓட்டத்தில் வந்த மாதிரி மூச்சு வாங்கவில்லை. இதை அவர் படித்தவர் என்பதால் செய்யவில்லை, மற்ற பிள்ளைகள் குதிக்கும்போது நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது அவருக்குப் பிடிக்கவில்லை. உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு பெரியவர் துணைக்கு வந்தால் அவளையும் விடுங்கள். இன்ஹேலர் படிக்கட்டில் இருக்கட்டும்.

அவளுடைய நெருங்கிய தோழி ஒருத்திக்கு இன்ஹேலர் எங்கே இருக்கிறது, எப்படிக் குலுக்குவது என்று சொல்லிக்கொடுங்கள். ஆசிரியருக்கு முன்னால் பிள்ளைகள்தான் பக்கத்தில் இருப்பார்கள். எனக்கு அந்த வேலையைச் செய்தவன்தான் இன்று என் வாடகை வீட்டில் கூட இருக்கிறான், இன்னும் சமைக்கத் தெரியாதவன்.

புளிவீட்டுக்காரி (ஏறக்குறைய ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். புளி நேரம்.

தை 20 அன்று மருத்துவரிடம் போனோம். நான்கு கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைப் படித்துவிட்டு, போன முறை நீங்கள் இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லையே என்றார். தினமும் இழுக்கும் மருந்தை மறுபடி தொடங்கச் சொன்னார், காலை இரண்டு, இரவு இரண்டு. புது டப்பா வாங்கினோம். கொய்யா, தயிர், வாழைப்பழம் எதையும் நான் தடுக்கவில்லையே என்றார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத முடியாது. வரும் வழியில் மத்தூரில் கொய்யா வாங்கிக் கொடுத்தேன், நான்கு பழம் தின்றாள்.

ஐயா எழுதிய கடிதத்தை அப்படியே என் கையெழுத்தில் எழுதி, மருத்துவர் தாளோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் இரண்டு முறை படித்தார். தலைமையாசிரியர் அலமாரி விஷயத்தில் கொஞ்சம் முரண்டு பிடித்தார். இப்போது ஒரு இன்ஹேலர் அவள் பையில், இன்னொன்று விளையாட்டு ஆசிரியரிடம். இரண்டுக்கும் பணம் நாங்கள்தான் கொடுக்க வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டை எடுப்பதைக் களத்துக்கு மாற்றினோம். வெயில் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள், தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். மாமியார் மட்டும் திண்ணையை விட்டு நகரவில்லை, ஒரு கூடையை வைத்துக்கொண்டு அங்கேயே தட்டுகிறார். அது ஒரு கூடைதான், விட்டுவிட்டேன்.

விளையாட்டு விழா முடிந்தது. கோ-கோவில் இருந்தாள். துரத்தும் பக்கம் இவளுக்கு நான்கு முறை "கோ" வந்தது, ஒருத்தியைத் தொட்டாள். தற்காக்கும் பக்கம் உள்ளே போனதும் சீக்கிரமே பிடிபட்டுவிட்டாள். இவர்கள் அணி தோற்றது. முடிந்த பிறகு கால் மணி நேரம் ஆசிரியர் பக்கத்தில் உட்காரச் சொன்னதற்கு அவமானம் என்று அழுதாள், அழுததில் கொஞ்சம் இருமினாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பக்கத்தில் குந்தியிருந்தவள் தப்பான பக்கம் திரும்பிவிட்டாள் என்று சண்டை. ஒரு வாரமாக அந்தப் பெண்ணோடு பேசவில்லை. இன்ஹேலர் இடம் சொல்லிக்கொடுத்திருந்த தோழியும் அவள்தான், அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இரவு இருமல் இந்த இரண்டு வாரத்தில் ஒருமுறை. எனக்குக் கேட்கும்படிதான் இருமினாள்.

செவிலியர் அம்மாவுக்கு ஒரு கேள்வி. தினமும் இழுக்கும் டப்பாவில் எண் காட்டும் இடம் இல்லை. தீர்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்கிறார் கொழுந்தனார்.

ஊத்தங்கரை செவிலியர்

தண்ணீரில் போடாதீர்கள், அது சரியாகக் காட்டாது, டப்பாவின் வாயும் அடைத்துக்கொள்ளும். மருந்து தீர்ந்த பிறகும் வெறும் காற்று சீறிக்கொண்டுதான் இருக்கும், சத்தத்தையும் நம்ப வேண்டாம். டப்பாவின் மேல் எத்தனை அழுத்து என்று அச்சடித்திருக்கும். 200 என்றால், நாளுக்கு நான்கு வீதம் 50 நாள். தொடங்கிய தேதியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

புளிவீட்டுக்காரி

200தான். தை 20இல் தொடங்கியது பங்குனி 10 வரை வரும். தினசரி நாட்காட்டியில் ஒரு வாரம் முன்பாகவே பங்குனி 3 தாளில் எழுதிவிட்டேன். பக்கத்திலேயே அவள் கையெழுத்தில் "ஒகேனக்கல் சுற்றுலா, பணம் கட்ட வேண்டும்" என்று இருக்கிறது. அதை எப்போது எழுதினாள் என்று தெரியவில்லை.